பகுதிநேரத் தொழிலாளரின் ஆட்குறைப்பு இழப்பீடும் முன்னறிவிப்பு உரிமையும்: விருத்தாசலம் – மங்கலம்பேட்டை வட்டாரப் பீங்கான் தொழிலை முன்வைத்து

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊர். மின்காப்பான்கள், ஃபியூஸ் கேரியர்கள், பொம்மைகள், அகல் விளக்குகள் ஆகியவை அவ்வட்டாரச் சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை அமைந்துள்ளது. அச்சில் வார்த்தல், பிசிறு நீக்குதல், வண்ணம் பூசுதல், சூளையில் அடுக்குதல் போன்ற பணிகள் நாள் முழுவதும் ஒரே சீராக நடப்பவை அல்ல. எனவே நாளில் சில மணி நேரமோ வாரத்தில் சில நாள்களோ மட்டும் உழைப்போருக்கு இத்தொழிலில் இடமுண்டு. அத்தகையோரை வேலையிலிருந்து நீக்கும்போது முன்னறிவிப்பும் இழப்பீடும் வழங்குதல் கட்டாயமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் அடிப்படை

தொழில் தகராறுகள் சட்டம், 1947இன் 25எஃப் பிரிவு, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ச்சியாகப் பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்வதற்கு நிபந்தனைகளை விதித்தது. காரணம் குறிப்பிட்ட ஒரு மாத எழுத்து வழி முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான ஊதியம் தருதல் முதலாவது. நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எஞ்சிய காலத்துக்கும், 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாக நீக்கும் வேளையிலேயே தருதல் இரண்டாவது. இவை நிறைவேறாவிடில் ஆட்குறைப்பு செல்லாது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 இவ்விதிகளின் சாரத்தைத் தக்கவைத்துள்ளது.

தொழிற்கூடத்தில் இத்தனை பேர் இருத்தல் வேண்டும் என்னும் வரம்பு இவ்விதிக்கு இல்லை. அரசின் முன் அனுமதி பெறும் கடமைக்கே அத்தகைய வரம்பு உண்டு. பழைய சட்டத்தில் 100 தொழிலாளர் என்றிருந்த அது இப்போது 300 ஆக உயர்ந்துள்ளது. ஆகவே பத்துப் பேர் பணிபுரியும் கூடத்துக்கும் முன்னறிவிப்பும் இழப்பீடும் பொருந்தும்.

பகுதிநேரத் தொழிலாளர் ‘தொழிலாளர்’ ஆவரா?

தொழிலாளர் என்பதற்கான வரையறை முழுநேரம், பகுதிநேரம் எனப் பாகுபாடு செய்யவில்லை. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தில் பகுதிநேரத் துப்புரவுப் பணியும் தண்ணீர் கொணரும் பணியும் செய்தவர் தொடர்பான வழக்கில், பகுதிநேரத் தொழிலாளருக்கும் 25எஃப் பிரிவின் பாதுகாப்பு உண்டு என உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. உருப்படிக் கணக்கில் கூலி பெறுவதாலும் ஒருவர் ஊழியர் என்னும் தகுதியை இழப்பதில்லை என்பதை, தையல் தொழிலாளர் தொடர்பான சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு (1973) முன்னரே தெளிவுபடுத்தியிருந்தது.

மணிக்கணக்கும் நாள்கணக்கும்

ஓராண்டுத் தொடர்பணி இடையறாது அமையாதபோது, முந்தைய 12 மாதங்களில் 240 நாள் உழைத்திருந்தால் அது தொடர்பணியாகக் கருதப்படும். இங்கு எண்ணப்படுவது மணி அன்று, நாள். நாளுக்கு நான்கு மணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் வருபவர் ஆண்டுக்கு 260 நாள் உழைத்து வரம்பைக் கடக்கிறார். நாளுக்கு எட்டு மணி வீதம் வாரத்தில் மூன்று நாள் வருபவரோ 156 நாளிலேயே நின்றுவிடுகிறார். இரண்டாமவரின் மொத்த உழைப்பு 1,248 மணி. முதலாமவரின் உழைப்பு 1,040 மணியே. கூடுதலாக உழைத்தவர் 240 நாள் கணக்கில் விடுபடும் முரண் இவ்வாறு எழுகிறது. ஊதியத்துடன் கூடிய ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும் என அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கு (1985) கூறினும், உழைத்த நாளுக்கு மட்டும் கூலி பெறுவோருக்கு அதனால் பயன் குறைவு. 24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியோருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமும் நாள்கணக்கையே பின்பற்றுகிறது.

பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு மறுதலையானது. அங்கு வாரத்துக்கு 8 முதல் 16 மணிக்குள் உழைப்போர் இழப்பீட்டு உரிமை பெற ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது; 16 மணியும் அதற்கு மேலும் உழைப்போருக்கு ஈராண்டு போதுமானது. பகுதிநேரத்தினருள் பெரும்பான்மையினர் பெண்களாதலால் இது மறைமுகப் பால் பாகுபாடு எனப் பிரபுக்கள் அவை 1994இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. பகுதிநேரப் பணி குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 175ஆம் உடன்படிக்கையும் 1994இல் நிறைவேறியது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

கணக்கீடும் மூடலும்

நாளொன்றுக்கு 300 ரூபாய் பெறும் பகுதிநேரத் தொழிலாளர் 7 ஆண்டு 7 மாதம் பணியாற்றியதாகக் கொள்வோம். எஞ்சிய காலம் ஆறு மாதத்தைக் கடப்பதால் எட்டு ஆண்டாகிறது. இழப்பீடு 15 × 300 × 8 = 36,000 ரூபாய். பகுதிநேரம் என்பதற்காக இத்தொகையை மீண்டும் பாதியாக்க இடமில்லை. குறைந்த நேரம் அவரது கூலியிலேயே பிரதிபலித்துவிட்டது.

தொழிற்கூடமே மூடப்பட்டாலும் இழப்பீடு உண்டு. தவிர்க்கவியலாத சூழலால் மூடினால் மட்டும் அது மூன்று மாதச் சராசரி ஊதியத்துக்கு மேற்படாது. ஆயினும் நிதி நெருக்கடியோ விற்காத சரக்கின் தேக்கமோ மட்டுமே அத்தகைய சூழலாகாது எனச் சட்டம் விளக்குகிறது. கொலு, கார்த்திகைப் பருவங்களை நம்பிய பொம்மை, விளக்கு உற்பத்தியில் இவ்விளக்கம் தனிக் கவனத்துக்குரியது.

முடிவுரை

உரிமை இருப்பினும் அதனை மெய்ப்பித்தல் எளிதன்று. 240 நாள் உழைத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளருடையது என உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியது. நியமன ஆணையோ கூலி ரசீதோ இல்லாத தினக்கூலியர், வருகைப் பதிவேட்டை முன்வைக்குமாறு வேலையளிப்பவரைக் கோரலாம் என 2005இல் அது தெளிவுபடுத்தியது. தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகும் காலவரம்பும் மூன்றாண்டிலிருந்து ஈராண்டாகக் குறைந்துள்ளது. எனவே, பகுதிநேரத் தொழிலாளரின் பாதுகாப்பில் இன்று எஞ்சும் சிக்கல்கள் இரண்டு: பதிவின்மை, நாளை மட்டும் எண்ணும் அளவுகோல். முன்னதற்குப் பதிவேடுகளை முறையாகப் பேணுவதும் ஆய்வு செய்வதும் தீர்வாகலாம். பின்னதற்குச் சட்டத்திருத்தமே வழி.