காலதர்

வீட்டுச் சுவரிற் காற்றும் ஒளியும் புகுதற்கு அமைத்த வாயிலைச் சாளரம் என்றும், பலகணி என்றும் வழங்குவர். சன்னல் என்பது போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. பண்டைத் தமிழர் அதனைக் காலதர் என்றும் அழைத்தனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. மானின் கண் போன்ற காலதர்களைப் புகார் நகரத்து மாளிகைகளிற் காட்டுகின்றது சிலப்பதிகாரம். சாளரம் தேர்வார்க்கு நல்வழி காட்டுவதும் இப்பெயரே.

இக்காலத்தில் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவுகளைப் பலரும் விரும்புகின்றனர். அவை அழகியவை, திறக்கும்போது இடத்தையும் அடைப்பதில்லை. ஆயின், இரண்டு கதவுகளுள் ஒன்றைத் தள்ளினால் அது மற்றதன் பின்னே சென்று நிற்கும். 4 அடி அகலச் சாளரத்தில் 2 அடியே காற்றுக்கு வழியாகும். கீலில் திறக்கும் இரட்டைக் கதவுகளோ முழு வாயிலையும் திறந்துவிடும். கோடை கடுமையான தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. புகுந்த காற்று வெளியேற எதிர்ச்சுவரிலும் வழி வேண்டும்.

மேற்குச் சுவரிற் பெருங்கண்ணாடி பதித்து, மாலை வெயிலைத் தாமே வருவித்துக்கொண்டு, பின் வெப்பத்தை நொந்துகொள்வாரும் உளர்! கண்ணாடி கதிரவன் ஒளியை உள்ளே விடும். அதனாற் சூடேறிய பொருள்கள் வீசும் வெப்பக் கதிர்களை எளிதில் வெளியே விடாது. அங்கே, சாய்ந்த மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய கதவு பொருந்தும். அது வெயிலைத் தடுத்துக் காற்றை விடும்.

அடுக்களைப் புகை சூடுடையதாதலின் மேலெழும். ஆதலின் அங்குச் சாளரத்தோடு, கூரையை ஒட்டி ஒரு திறப்பும் வேண்டும். அஃதின்றேல் அப்புகை, நாள்தோறும் அடுப்பருகே நிற்பவரின் மூச்சிற் கலக்கும்.