துட்டுக்கு மதிப்பெண்

பிரெஞ்சு இந்தியாவின் செப்புத் துட்டில் ஒருபுறம் லில்லிப்பூ. மறுபுறம் தமிழில் ‘புதுச்சேரி’. காரைக்காலில் பாட்டி காலத்துப் பெட்டியிலிருந்து அப்படியொன்று வெளிவந்தால், உடனே புளி போட்டுத் தேய்க்கத்தான் கை போகிறது. செப்புக் குடத்துக்கு அது சரி. காசுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நூறாண்டுக்கு மேலாகப் படிந்து உலோகத்தைக் காத்த பழுப்புப் படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். தேய்க்கிற தேய்ப்பில் எழுத்தும் மழுங்கும்.

படலமும் எழுத்தும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்ற நிலையைத்தான் தரமிடல் அளக்கிறது. சேகரிப்பாளர்கள் கிரேடிங் என்பார்கள். 1949-இல் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன், தம் நாட்டுப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காகவே 1 முதல் 70 வரை அளவுகோல் வகுத்தார். அடையாளம் மட்டும் மிஞ்சியது 1. அச்சிலிருந்து வந்தபடியே குறையற்றிருப்பது 70. 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், மறு ஆண்டு வந்த என்ஜிசி ஆகிய அமெரிக்கத் தரமிடல் நிறுவனங்கள் இரண்டும் இதையே பின்பற்றுகின்றன. வாங்குபவரும் விற்பவரும் அல்லாத நிபுணர்கள் அசலா போலியா என்று பார்த்து, மதிப்பெண் இட்டு, வரிசை எண்ணோடு பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிறார்கள். விளையாட்டு அட்டை, போக்கிமான் அட்டைகளுக்கு 10 வரை மதிப்பெண் இடும் பிஎஸ்ஏ, 1991-இல் பிசிஜிஎஸ்ஸின் வழியில் பிறந்ததுதான்.

துலக்கிய காசுக்கு பிசிஜிஎஸ்ஸிலும் என்ஜிசியிலும் எண் கிடையாது. ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்புதான். விலை கூடுவதைவிட இந்தக் கண்டிப்பே பெரிய நன்மை என்பேன். நேரில் பாராமல் வாங்குபவரையும், விவரம் அறியாமல் விற்கும் வாரிசையும் அது ஒருசேரக் காக்கிறது. நம் ஊரில் உறைக்கும் கூடுதல் வேலை உண்டு: கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பை வெளிர்பச்சைப் பொடியாக அரிக்கும். உறை அதை மெதுவாக்கும், முற்றிலும் தடுக்காது.

நிபுணரும் தவறுவதுண்டு. பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்ட ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் அட்டை 8 வாங்கியது. அதன் ஓரத்தை வெட்டியதை, முன்பு அதை விற்ற வணிகரே 2013-இல் ஒப்புக்கொண்டார்.

தரம் பார்க்கலாமே என்று துட்டை அமெரிக்காவுக்குக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. எழுத்தே தெரியாமல் தேய்ந்த துட்டுக்குக் கட்டணம் கொடுப்பதும் வீண். எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இருபுறமும் படமெடுங்கள், பிவிசி கலக்காத உறையில் போட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். புளி மட்டும் வேண்டாம்.