ரத்தப் பரிசோதனைக்குப் பயந்து தள்ளிப்போடப்படும் மருந்து

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மாத்திரைகள் போதிய பலன் தருவதில்லை. காதில் கேட்கும் குரல்கள் ஓய்வதில்லை. யாரோ சதி செய்கிறார்கள் என்ற சந்தேகமும் அகலுவதில்லை. இரண்டு மருந்துகளை உரிய அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது கொடுத்துப் பார்த்தும் இதே நிலை என்றால், அடுத்துத் தர வேண்டியது குளோசபின். மருத்துவ வழிகாட்டிகளுக்கு இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தென்லண்டன் நோயாளிகளைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வு, இந்த மருந்து அவர்களுக்குக் கிடைக்கச் சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமானதைக் காட்டியது. நோய் தின்றுவிட்ட நான்கு ஆண்டுகள் அவை.

தயக்கத்தின் வேர் பின்லாந்தில் இருக்கிறது. 1975-ல் அங்கே குளோசபின் எடுத்துக்கொண்ட சிலருக்கு, கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் அடியோடு குறைந்துபோயின. எட்டுப் பேர் இறந்தனர். பல நாடுகள் மருந்தைக் கைவிட்டன. அதை மீட்டது 1988-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேன் குழு வெளியிட்ட ஆய்வு. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளில் ஆறு வாரத்தில் 30 சதவீதம் பேர் குளோசபினால் தேறினார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட பழைய மருந்தான குளோர்புரோமசினை எடுத்தவர்களில் தேறியது 4 சதவீதமே. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ரத்தப் பரிசோதனை கட்டாயமானது.

வெளிநோயாளிக்குச் சிக்கல் இங்கேதான். அமெரிக்க முறைப்படி முதல் ஆறு மாதம் வாரந்தோறும், அடுத்த ஆறு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் ஒருவரை வாரம் தவறாமல் ஆய்வகத்துக்கு யார் அழைத்துப் போவது? கூடப் போகும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அன்றைய கூலி போய்விடும். மருந்தையும் எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுக்க முடியாது. 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதியில் தொடங்கி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டுப்போனால் மறுபடியும் அந்தப் பாதி மாத்திரையிலிருந்தே தொடங்க வேண்டும். வாசல் வரை கூட்டம் நிற்கும் ஓபியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்குப் பழைய மாத்திரையின் அளவைக் கூட்டுவதோ, இன்னொன்றைச் சேர்ப்பதோ எளிது. பலன் குறைவு என்று தெரிந்தும் அதுவே நடக்கிறது.

வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது நூற்றில் ஒருவருக்கும் கீழே. அதுவும் பெரும்பாலும் முதல் 18 வாரங்களில். பரிசோதனை முறையாக நடந்தால் இதனால் உயிர் போவது மிக அரிது. இந்த ஒன்றைப் பார்த்து மிரளும் நாம் மலச்சிக்கலைச் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும். குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதற்காக எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ‘மலம் சரியாகப் போகிறதா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பது ரத்தப் பரிசோதனைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பயம் பிறந்த அதே பின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்று 2009-ல் வெளியானது. மனச்சிதைவு மருந்துகளை ஒப்பிட்டதில், இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது குளோசபின் எடுத்தவர்களிடம்தான். தற்கொலை அபாயத்தைக் குறைக்கவும் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2002-லிருந்தே அனுமதி உண்டு. பரிசோதனை முடிவைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் மாத்திரை என்ற கெடுபிடியை அந்நாடு 2025-ல் நீக்கிவிட்டது. பரிசோதனை செய்யும்படியான பரிந்துரை மட்டும் தொடர்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு மருந்துகள் கொடுத்தும் குரல்கள் ஓயவில்லையா? இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் ‘குளோசபின் கொடுத்துப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணத்தையும் கேளுங்கள்.