மழை என்றதும் பெய்த மழை

வரதய்யபாளையத்தை அடுத்த உப்பலமடுகு அருவிக்கு ஞாயிற்றுக்கிழமை சென்று பாருங்கள். குளிப்பவர்களைவிடப் படம் பிடிப்பவர்களே அதிகம். ஷிப்டு முடித்து வந்த தொழிலாளிகள், குமாஸ்தா வீட்டுப் பையன்கள் என்று நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. "காமிரா சோறு போடுமா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதும் நியாயமே. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் அல்லவா?

இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சுற்றுலா சென்ற இடத்தில் ஒரு படப்பிடிப்பைக் கண்டார். டேவிட் லீன் இயக்கி 1957-ல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் அது. லீன் மழை என்று குரல் கொடுத்தார், கொட்டியது. நிறுத்து என்றார், நின்றது. குழாய்த் தண்ணீர்தான்! ஆனால், தானும் ஒருநாள் மழையைப் பெய்யச் சொல்வதென்று அந்த மாணவர் அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

தீர்மானம் வேறு, பிழைப்பு வேறு. வயிற்றுப்பாட்டுக்கு இலங்கை சர்வே இலாகாவில் வரைபடம் வரையும் உத்தியோகம். வானொலி நாடகம், 'தேனருவி' என்ற இலக்கியப் பத்திரிகை என்று ஆசையையும் கைவிடவில்லை. 1966-ல் புனா திரைப்படக் கல்லூரிக்கு வந்தார். விரும்பியது டைரக்‌ஷன், கிடைத்ததோ ஒளிப்பதிவு. ஒருவிதத்தில் அதுவும் நல்லதே என்பேன். 1969-ல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறியவருக்குச் சோறு போட்டது அந்தக் காமிராதான்.

அயல் மாநிலத்தில் வேலை பார்க்கும் நாம் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டத்தை. தாய்மொழி அவரை முதலில் அழைக்கவில்லை. ராமு காரியாட்டின் 'நெல்லு' (1974) மலையாளம்; கேரள அரசின் ஒளிப்பதிவு விருது அதற்குக் கிடைத்தது. முதன்முதலாக இயக்கிய 'கோகிலா' (1977) கன்னடம். அதன் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது. 'முள்ளும் மலரும்' (1978), 'அழியாத கோலங்கள்' (1979) எல்லாம் அதன் பிறகே. ஆந்திராவே கொண்டாடிய 'சங்கராபரணம்' படத்துக்கும் அவரே ஒளிப்பதிவாளர். டீக்கடையில் தெலுங்கு நண்பர்கள் அந்தப் படத்தைப் புகழ்ந்தால், காமிராவுக்குப் பின்னால் நின்றது நம்மவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

விளக்குகளை அடுக்கி முகத்தைப் பளபளப்பாக்குவது அவருக்குப் பிடிக்காது. ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையே பெரிதும் நம்பினார்.

2014-ல் அவர் காலமானார்.  அவரிடம் உதவியாளராயிருந்த வெற்றிமாறன் செய்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, தமிழ்ச் சிறுகதைகளைப் படித்து, கதைச் சுருக்கம் எழுதிக் கொடுப்பது.