ஐந்தொகையில் கையெழுத்திடும் முன்...



ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஐந்தொகையில் கையெழுத்திடுகிறோம். 'சரக்கு இருப்பு 12 லட்சம் ரூபாய்' என்று அதில் ஒரு வரி இருந்தால், நாம் நான்கு உறுதிமொழிகளைச் சொல்லாமல் சொல்கிறோம்:

1. அந்தச் சரக்கு உண்மையிலேயே கிட்டங்கியில் இருக்கிறது.
2. அது நமக்குச் சொந்தமானது.
3. எதுவும் விட்டுப்போகவில்லை.
4. மதிப்பு சரியாகப் போடப்பட்டுள்ளது.

வரவு செலவுகளுக்கு மேலும் இரண்டு உண்டு: அவை அந்த ஆண்டுக்குரியவை, உரிய தலைப்பில் எழுதப்பட்டவை. ஆடிட்டர் சோதிப்பது இவற்றைத்தான். கணக்குப் பிழை ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றைப் பொய்யாக்கிவிடுகிறது.

பற்றும் வரவும் சமமாக வந்தால் கணக்கு சரி என்று பலர் நினைக்கிறோம். அது போதாது. எழுதாமல் விட்ட பில் இரு பக்கத்திலும் இராது. கூட்டல் சமமாகவே வரும்.

ஓர் உதாரணம். மார்ச் 30-ல் 100 மூட்டை சர்க்கரை வந்து இறங்குகிறது. மூட்டை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் கைக்கு வந்தது ஏப்ரல் 3. கணக்குப்பிள்ளை அன்றுதான் பதிகிறார். ஆனால் 31-ந் தேதி சரக்கை எண்ணியபோது அந்த மூட்டைகளும் சேர்ந்துவிட்டன. விளைவு? கொள்முதல் 2 லட்சம் குறைந்து, லாபம் 2 லட்சம் கூடுகிறது. சப்ளையருக்குத் தரவேண்டிய கடனும் 2 லட்சம் குறைவாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டு லாபம் அதே அளவு குறையும். 'இரண்டு ஆண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும்' என்பது ஆறுதல் ஆகாது. இல்லாத லாபத்துக்கு இந்த ஆண்டே வரி கட்டுகிறோம். கடன் தரும் வங்கிக்கும் தவறான ஐந்தொகை போகிறது.

கமிஷனுக்கு விற்க வந்த பிறர் சரக்கை நம் இருப்பில் சேர்த்தால் 'சொந்தம்' பொய். கடையை மூடிப் போனவரின் பாக்கியை முழுத் தொகையாக வைத்திருந்தால் 'மதிப்பு' பொய். வீட்டுச் செலவைக் கடைச் செலவில் எழுதினால் 'தலைப்பு' பொய்.

இது சிறு கடைகளின் தொல்லை மட்டுமல்ல. இங்கிலாந்தின் பெரிய மளிகை நிறுவனமான டெஸ்கோ, தன் லாபம் 26.3 கோடி பவுண்டு மிகையாகக் காட்டப்பட்டதை 2014-ல் அறிவித்தது. சப்ளையர்களிடமிருந்து வரவேண்டிய தள்ளுபடியை உரிய காலத்துக்கு முன்பே லாபத்தில் சேர்த்தது முக்கியக் காரணம். 'அந்த ஆண்டுக்குரியது' என்ற உறுதிமொழி அங்கே உடைந்தது. 2017-ல் 12.9 கோடி பவுண்டு அபராதம் கட்ட நேர்ந்தது. கம்பெனி தரும் ஸ்கீம் தள்ளுபடியை எதிர்பார்த்து எழுதும் நமக்கும் இது பாடம்.

எனவே மார்ச் 31 மாலை சரக்கை எண்ணுங்கள். கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் வந்த பில்களைச் சரக்கு இறங்கிய தேதியோடு ஒப்பிடுங்கள். சப்ளையர்களிடம் கணக்கு நகல் வாங்கிப் பேரேட்டோடு சரிபாருங்கள். கொள்முதல் விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் குறைந்ததையே இருப்புக்குப் போடுங்கள். வாரா பாக்கியை ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணக்கு எழுதுபவர் யாராயினும், கையெழுத்து நம்முடையது.