மகன் ஏன் மறுக்கிறான்?

"தந்தையின் தொழிலைத் தனயன் கற்க மறுக்கிறான்; பரம்பரைப் பட்டு நெசவு பாழாகிறதே!" என்று பெருமூச்சு விடுகிறார்கள் பெரிய மனிதர்கள் சிலர். காஞ்சிப் பட்டைக் கட்டி மகிழும் இவர்கள், பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டை எட்டிப் பார்த்ததுண்டா?

கலை அரியதுதான். ஐயமில்லை! குழித்தறியிலே காலை இறக்கி அமர்ந்திருக்கிறார் முதியவர். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா. ஊடை ஓடும்போதெல்லாம் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை! முந்தானை வேறு நிறமா? பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைக்க வேண்டும். அது பேட்னி! ஏட்டைப் பார்த்து வருவதல்ல இது. கையைப் பார்த்துக் கை கற்பது.

எப்படிக் கற்றது அந்தக் கை? கோர்வைக்கு ஓர் உதவியாள் வேண்டும். அந்த இடத்திலே அமர்ந்தது யார்? பள்ளியிலே இருக்க வேண்டிய பச்சைப் பிள்ளை! நாடா தள்ளக் கற்றான், நாலெழுத்துக் கற்கவில்லை. பட்டு மின்னியது, பாலகன் வாழ்வு இருண்டது.

1953-இலே, அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. "குலக்கல்வி!" என்று கொதித்தெழுந்தனர் மக்கள். 1954-இலே திட்டம் மடிந்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லும். பிறப்பைக் காட்டி எவனையும் தறியிலே கட்டாதீர்!

அப்படியானால் கலை அழியட்டுமா? அல்ல, அல்ல! ஆனால், அழிப்பது யார் என்று கேளுங்கள். 1995-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலே கைத்தறித் தொழிலாளர் 65 இலட்சத்துக்கு மேல். 2019-20-இலே 35 இலட்சம்! அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு! காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இலே புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டுக்குப் பெயர் கிடைத்தது. நெய்தவன் பானைக்கு அரிசி கிடைத்ததா? மகன் மறுப்பது கலையை அல்ல. கஞ்சிக்கும் போதாத கூலியை!

வழி உண்டு. தேர்ந்த முதியவரை ஆசிரியராக அமர்த்துங்கள். ஆசிரியருக்குரிய ஊதியம் தாருங்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கற்க வருவோர்க்கு, ஆணாயினும் பெண்ணாயினும் எக்குலத்தாராயினும், பயிற்சிக் காலத்திலே உதவித்தொகை கொடுங்கள். கற்றபின் கட்டுபடியாகும் கூலியை உறுதி செய்யுங்கள்.

பிறந்த பாவத்துக்காக அல்ல, பிழைக்க முடியும் என்பதற்காக இளைஞன் தறியேறும் நாள் வரட்டும். அன்று முதியவர் கற்றுத்தர ஆள் தேடி அலைய மாட்டார். ஆள் அவரைத் தேடி வரும்!