அடிக்காமல் பழக்குங்கள்: வீட்டு நாயும் மூத்தோரின் பாதுகாப்பும்

காலை ஏழு மணி. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வருகிறீர்கள். எதிரே ஒரு பூனை ஓடுகிறது. நாய் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருக்கிறீர்கள். சிறிய நாயாக இருந்தாலும், எதிர்பாராத அந்த ஓர் இழுப்பு உங்களைக் கீழே தள்ளிவிடலாம். வயதான காலத்தில் எலும்பு வலுவிழந்திருந்தால், அந்த விழுகை இடுப்பு அல்லது மணிக்கட்டு முறிவில் முடியலாம்.

நாய் நல்ல துணை என்பதில் ஐயமில்லை. தனிமையைக் குறைக்கும். நாள்தோறும் வெளியே நடக்க வைக்கும். மூத்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது. நாயுடன் வேகமாக நடப்பதும் அதில் சேரும். ஆனால் இந்த நன்மைகள் கிடைக்க நாய் நன்கு பழகியிருக்க வேண்டும்.

பல குடும்பங்களில் நாயை வாங்குவது பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள். அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சென்ற பிறகு, பகல் முழுவதும் அதைப் பார்த்துக்கொள்வது தாத்தாவும் பாட்டியும்தான். ஆகவே, நாயைப் பழக்கும் முறையை நீங்களும் அறிந்திருப்பது அவசியம்.

“அடியாத மாடு படியாது” என்பது சரியா?

கம்பத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நாய் என்றால் வாசலில் கிடந்து காவல் காக்கும் விலங்கு. மிஞ்சிய சோற்றைத் தின்னும். தப்பு செய்தால் அடி வாங்கும். அது அந்தக் காலத்து வழக்கம். இன்று அதே நாய் அடுக்குமாடி வீட்டுக்குள், உங்கள் காலடியிலும் பேரப்பிள்ளையின் அருகிலும் வாழ்கிறது. அடித்து வளர்ப்பதன் ஆபத்து இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அடி வாங்கும் நாய், “இதைச் செய்யக்கூடாது” என்று கற்றுக்கொள்வதைவிட, “இந்தக் கை வந்தால் வலிக்கும்” என்றுதான் கற்றுக்கொள்கிறது. பிறகு நீங்கள் அன்பாகத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினாலும் அது பயந்து கடிக்கலாம். போர்ச்சுகல் நாட்டில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடத்தப்பட்டு, 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டுகிறது. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் பயின்ற நாய்கள், பரிசு தந்து பழக்கும் பள்ளிகளில் பயின்றவற்றைவிட அதிக மனஉளைச்சல் அறிகுறிகளைக் காட்டின. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் உமிழ்நீரில், மனஉளைச்சலின்போது சுரக்கும் கார்ட்டிசால் கூடுதலாக இருந்தது.

நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

நாயின் கணக்கு எளிது. எதைச் செய்தால் நல்லது நடக்கிறதோ, அதை மறுபடியும் செய்யும். எதைச் செய்தால் ஒன்றும் கிடைப்பதில்லையோ, அதை நாளடைவில் விட்டுவிடும். ஆகவே பயிற்சியில் உங்கள் வேலை இரண்டுதான்: நல்ல செயலுக்கு உடனே பரிசு தருவது, வேண்டாத செயலுக்குப் பரிசு கிடைக்காமல் பார்த்துக்கொள்வது.

“உடனே” என்பது முக்கியம். ஓரிரு நொடிக்குள் பரிசு கிடைத்தால்தான், எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியும். வயதானவர்களுக்கு அவ்வளவு விரைவாகக் குனிந்து கொடுக்க முடியாது. அதனால் ஒரு குறிச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். “நல்லது!” என்று சொல்லி, ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். இப்படிப் பத்து, பதினைந்து முறை செய்தால், “நல்லது” என்ற சொல்லைக் கேட்டதும் பரிசு வரப்போகிறது என்று நாய்க்குத் தெரிந்துவிடும். பிறகு, நாய் சரியாகச் செய்யும் நொடியில் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். தின்பண்டத்தைச் சற்று நிதானமாகக் கொடுக்கலாம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

• ஒரே சொல்: பாட்டி “உட்கார்” என்கிறார், பேத்தி “சிட்” என்கிறாள், பணிப்பெண் தம் மொழியில் வேறொன்று சொல்கிறார். நாய் குழம்பிவிடும். எந்த மொழியானாலும் சரி, வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். சொற்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

• குறைந்த நேரம்: ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு, மூன்று முறை செய்யலாம்.

• சிறிய துண்டு: பட்டாணி அளவு போதும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழி இறைச்சி அல்லது கேரட் கொடுக்கலாம். தின்பண்டம், நாயின் அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

• கொடுக்கக் கூடாதவை: சாக்லெட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சமைத்த எலும்பு. வெங்காயம் போட்ட வடையும், திராட்சை போட்ட பாயசமும் இதில் அடங்கும். நீரிழிவு நோயாளிகள் சாப்பிடும் சர்க்கரையில்லா மிட்டாய் சிலவற்றில் உள்ள சைலிட்டால், சிறிதளவும் நாயின் உயிருக்கு ஆபத்தானது. உங்கள் மாத்திரைகளையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

• குனிய முடியாதவர்கள்: நாற்காலியில் உட்கார்ந்து பழக்குங்கள். தின்பண்டத்தைத் தரையில் போடலாம். அல்லது நீண்ட மரக்கரண்டியின் நுனியில் சிறிது மென்மையான உணவைத் தடவி நீட்டலாம்.

விழாமல் இருக்க மூன்று பழக்கங்கள்

1. கயிறு தளர நடப்பது

முதலில் வீட்டுக்குள் பழக்குங்கள். நாய் உங்கள் காலருகே இருக்கும்போது “நல்லது” சொல்லி, உங்கள் பக்கத்திலேயே தின்பண்டம் கொடுங்கள். ஓர் அடி நடங்கள், மீண்டும் கொடுங்கள். வெளியே சென்று நாய் இழுத்தால், அப்படியே நின்றுவிடுங்கள். பதிலுக்கு இழுக்காதீர்கள், திட்டாதீர்கள். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் “நல்லது” சொல்லி நடக்கத் தொடங்குங்கள். இழுத்தால் நடை நின்றுவிடும், தளர்ந்தால் நடை தொடரும் என்பதை நாய் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும்.

வெளியே செல்லும்போது:

• கயிற்றை மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றாதீர்கள். ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ கட்டாதீர்கள்.
• கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. நீண்டு சுருங்கும் கயிற்றைத் தவிர்த்து, நீளம் மாறாத கயிற்றைப் பயன்படுத்துங்கள்.
• வழுக்காத, பாதத்தை மூடிய காலணி அணியுங்கள்.
• மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது கதவிலிருந்து விலகி நில்லுங்கள். கதவு திறந்ததும் உள்ளே இன்னொரு நாயோ குழந்தையோ இருக்கலாம்.
• உங்கள் நாய் உங்களைவிட வலிமையானது என்றால், அது பழகும்வரை தனியாக அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளைகள் கயிற்றைப் பிடிக்கட்டும். நீங்கள் உடன் நடங்கள்.

2. மேலே தாவாமல் இருப்பது

கதவைத் திறந்ததும் நாய் உங்கள் மேல் தாவுகிறது. நீங்கள் கையால் தள்ளி, “வேண்டாம், வேண்டாம்” என்கிறீர்கள். நாய்க்கு அது விளையாட்டு. உங்கள் கையும் குரலும் கவனமும் எல்லாமே அதற்குப் பரிசுதான்.

அதற்குப் பதிலாக, சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பேசாதீர்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் “நல்லது” சொல்லிக் கீழே ஒரு துண்டைப் போடுங்கள். முதல் சில நாள்களில் நாய் முன்பைவிட அதிகமாகத் தாவலாம். பழைய வழி பலிக்காததால், இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கிறது. அந்த நாள்களில் யாராவது மனமிரங்கித் தடவிக்கொடுத்துவிட்டால், இன்னும் அதிகமாகத் தாவ வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம்.

3. தன் பாயில் போய்ப் படுப்பது

சமைக்கும்போதும் இரவில் கழிவறைக்குப் போகும்போதும் நாய் காலுக்குள் புகுந்தால் இடறி விழ நேரிடும். நாய்க்கென ஒரு பாய் அல்லது துண்டு விரியுங்கள். அதன்மேல் ஒரு தின்பண்டத்தைப் போடுங்கள். நாய் பாயில் ஏறியதும் “நல்லது” சொல்லி இன்னொன்றைப் போடுங்கள். தானாகவே ஏறத் தொடங்கியதும் “பாய்” என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு, அங்கே இருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

அந்தப் பாய், உங்கள் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கக்கூடாது. நாயின் கழுத்தில் சிறிய மணி கட்டினால், அது அருகில் வருவது தெரியும். இரவு விளக்கு ஒன்றையும் எரியவிடுங்கள்.

உறுமலை அடக்காதீர்கள்

உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. “எனக்குப் பிடிக்கவில்லை, விலகு” என்று அது சொல்கிறது. உறுமியதற்காக அடித்தால், நாய் உறுமுவதை நிறுத்திவிடலாம். ஆனால் அதன் பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கலாம்.

உறுமலுக்கு முன்பே நாய் வேறு அறிகுறிகளைக் காட்டும்:

• முகத்தைத் திருப்பிக்கொள்வது
• பசி இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது
• கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது
• காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது
• உடல் விறைத்து அசையாமல் நிற்பது

வால் ஆடுவதெல்லாம் மகிழ்ச்சி என்று நினைக்காதீர்கள். உடல் விறைத்திருக்க வால் மட்டும் வேகமாக ஆடினால், நாய் பதற்றத்தில் இருக்கலாம்.

இந்த அறிகுறிகளைக் கண்டால் நாய்க்கு இடம் விட்டு விலகுங்கள். சிறு குழந்தையையும் நாயையும் தனியே விட்டுச் செல்லாதீர்கள். நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடக்கூடாது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கட்டிப்பிடிப்பது குழந்தைக்கு அன்பு. பல நாய்களுக்கு அது நெருக்கடி.

தவறான எண்ணமும் உண்மையும்

“நாய் நம்மை அடக்கப் பார்க்கிறது; யார் தலைவன் என்று காட்ட வேண்டும்.”
இந்த எண்ணத்துக்கு முக்கியக் காரணம், அடைப்பிடத்தில் ஒன்றாக வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி 1947இல் வெளிவந்த ஓர் ஆய்வு. காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் மெக் என்ற அறிவியலாளர், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் விளக்கினார். உங்கள் நாய் இழுப்பதும் தாவுவதும் ஆட்சியைப் பிடிக்க அல்ல. வேறு வழி அதற்கு இன்னும் தெரியாது.

“தப்பு செய்தது அதற்கே தெரியும். முகத்தைப் பார்த்தாலே புரிகிறது.”
2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உண்மையில் தவறு செய்யாத நாய்களும் உரிமையாளர் திட்டியபோது அதே ‘குற்ற’ முகத்தைக் காட்டின. அது உங்கள் கோபத்துக்குக் காட்டும் பணிவு. வீட்டுக்குள் சிறுநீர் கழித்ததற்குப் பிறகு திட்டினால், உங்களுக்குத் தெரியாமல் ஒளிந்து கழிக்கத்தான் நாய் கற்றுக்கொள்ளும். சுத்தம் செய்துவிட்டு, அடுத்த முறை சரியான இடத்தில் கழித்த உடனே பரிசு கொடுங்கள்.

“வயதான நாயைப் பழக்க முடியாது.”
முடியும். சற்றுப் பொறுமை வேண்டும். ஆனால் நன்கு பழகிய நாய் திடீரென்று உறுமினாலோ கடிக்க வந்தாலோ, முதலில் விலங்குநல மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, பல்வலி, பார்வைக் குறைவு நாய்க்கும் வரும்.

நாய் கடித்துவிட்டால்

• காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் போன்றவற்றைத் தடவாதீர்கள்.
• சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரை நாடுங்கள். சிறிய பல்தடமும் ஆழமாகச் சென்றிருக்கலாம்.
• நீரிழிவு இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• இரத்தம் நிற்காவிட்டால், காயத்தை அழுத்திப் பிடித்தபடி 995ஐ அழையுங்கள்.

சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் இந்தியாவிலும் வேறு சில அண்டை நாடுகளிலும் உண்டு. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் 2017 முதல் அந்நோய் பரவியுள்ளது. ஊருக்குச் சென்றிருக்கும்போது நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சிங்கப்பூர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். காயத்தைக் கழுவிவிட்டு அங்கேயே உடனடியாகச் சிகிச்சை பெறுங்கள். நோய் அறிகுறி தொடங்கிய பிறகு உயிர் பிழைப்பது மிக அரிது. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம்.

பயிற்றுநரை நாடுமுன்

உங்கள் நாய் யாரையாவது கடித்திருந்தாலோ, உணவருகே வருபவர்களைப் பார்த்து உறுமினாலோ, நீங்களாகவே சரிசெய்ய முயலாதீர்கள். பயிற்றுநரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்?” கழுத்தை நெரிக்கும் சங்கிலி, முள் பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை என்று பதில் வந்தால், வேறு பயிற்றுநரைத் தேடுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• நல்ல செயலைக் கண்டதும் உடனே “நல்லது” சொல்லிப் பரிசு கொடுங்கள்.
• அடிக்காதீர்கள், உறுமலுக்குத் தண்டிக்காதீர்கள்.
• கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள்.
• வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லை, ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, “நல்லது” என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய் பழகப் பழக, நீங்களும் பயமின்றி நடக்கலாம்.